புற்றுமண்ணும் நகராட்சி வீடும்



சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர் 2019-ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. சங்கரநாராயணர் கோயிலும், ஆடித்தபசுத் திருவிழாவும், தறிச் சத்தமும் இவ்வூரின் அடையாளங்கள். இங்கே கோயிலில் கொடுக்கும் பிரசாதம் மற்ற ஊர்களில் கொடுப்பது போன்றதல்ல. புற்றுமண்! பக்தர்கள் அதை நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒரு பொட்டலம் வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள்.

கோயில் புற்றை நாம் தொட வேண்டாம். ஊருக்கு வெளியே, மானாவாரி நிலத்தின் வரப்பில் நிற்கும் ஒரு கறையான் புற்றைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கத்து வரப்பு கரைந்து போகிறது, புற்று நிற்கிறது. ஏன்? கறையான் நிலத்துக்கு அடியிலிருந்து நுண்ணிய களிமண் துகள்களையும் மணல் துகள்களையும் பொறுக்கி எடுத்து வந்து, உமிழ்நீரால் பிசைந்து, ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குகிறது. சரியான மண், சரியான ஈரம், ஒட்டுவதற்கு ஒரு பசை, நெருக்கமான அடுக்கு. இந்த நான்கும் சேர்ந்தால் மண்ணும் கல்லாகும். கறையானுக்குச் சிமென்ட் மூட்டை வாங்கக் கடன் தேவைப்படுவதில்லை.

மனிதர்களின் நிலை அப்படி இல்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

உங்கள் தெருவிலேயே அரசு உதவியால் கட்டிய வீடு ஒன்று இருக்கலாம். மத்திய அரசு 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், நகரத்தில் சொந்த மனை உள்ள ஏழைக் குடும்பம் தானே வீடு கட்டிக்கொள்ள, மத்திய அரசு 1 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் தமிழ்நாடு அரசு 60 ஆயிரம் ரூபாயும் கொடுத்தன. கிராமங்களுக்கென 2011-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். கூரையில் சூரிய மின்விளக்குக்கான தகடும் இருந்தது. 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் தொகை 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. பணம் ஒரே தடவையில் வராது. அடித்தளம் முடிந்ததும் ஒரு பங்கு, சன்னல் மட்டத்துக்கு மேலே லிண்டல் போட்டதும் ஒரு பங்கு, கூரை போட்டதும் ஒரு பங்கு என்று வரும்.

இந்தத் தொகையில் வீடு முடியுமா? கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கூரை போடும்போது நகையை அடகு வைத்த கதையைச் சொல்வார்கள். பூச்சு வேலை பார்க்காமலே குடிபோன கதையைச் சொல்வார்கள். உதவித் தொகையை உயர்த்த வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் தொகை உயரும்போதெல்லாம் கம்பி விலையும் செங்கல் விலையும் அதை முந்திக்கொண்டு ஓடுகின்றன. ஆகவே வேறொரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது: வீட்டின் செலவு எங்கே போகிறது? அதை நகராட்சி குறைக்க முடியுமா?

ஒரு கணக்குப் போடுவோம். 20 அடி நீளம், 15 அடி அகலம். 300 சதுர அடி. சுற்றுச் சுவரின் நீளம் 70 அடி. உயரம் 10 அடி என்றால் 700 சதுர அடிச் சுவர். கதவு, சன்னலுக்கு 100 சதுர அடியைக் கழித்துவிடுங்கள். மீதி 600. ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு சதுர அடிக்குச் சுமார் 10 செங்கல் பிடிக்கும். ஆக, வெளிச்சுவருக்கு மட்டும் 6,000 செங்கல்.

ஒரு செங்கலைச் சூளையில் சுடுவதற்குச் சுமார் கால் கிலோ விறகு வேண்டும். 6,000 செங்கலுக்கு 1,500 கிலோ. இவ்வளவு விறகை எரித்த புகை வானத்துக்குப் போகிறது; விறகின் விலை வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. 'நீடித்த வளர்ச்சி' என்று மேடைகளில் பேசுகிறார்களே, அதன் பொருள் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எரிபொருள் குறைந்தால் காற்றுக்கும் நல்லது, பைக்கும் நல்லது.

இங்கேதான் லாரி பேக்கர் வருகிறார். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945-இல் இந்தியாவுக்கு வந்து, கேரளத்தையே தன் ஊராக்கிக்கொண்டு 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர். வீடு கட்டும் பொருள்களை ஐந்து மைல் சுற்றுவட்டத்துக்குள் தேடிக்கொள்ள வேண்டும் என்று காந்தியடிகள் தன்னிடம் சொன்னதை அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பேக்கர் பரப்பிய ஒரு முறையின் பெயர் வேடிக்கையானது: எலிப்பொறி அடுக்கு. செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, இரண்டு வரிசைகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டு, இடையிடையே குறுக்குக் கல் வைத்துக் கட்டுவது. சுவரின் தடிமன் அதே ஒன்பது அங்குலம்தான். செங்கல் மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. நம் கணக்கில் 6,000 என்பது 4,500 ஆகிவிட்டது! நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலால் வீட்டுக்குள் வெக்கையும் குறைகிறது.

சுடாமலே செங்கல் செய்தால்? 1950-களில் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் ரவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் கையால் இயக்கும் ஓர் இரும்புப் பொறியை அமைத்தார். ஈரமண்ணை அச்சில் போட்டு, நீண்ட கைப்பிடியை அழுத்தினால் கெட்டியான கட்டி வெளியே வரும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய 'அஸ்திரா' என்ற கிராமத் தொழில்நுட்பப் பிரிவும், ஆரோவில்லில் உள்ள மண் கட்டடக் கழகமும் இம்முறையை நம் நாட்டு மண்ணுக்கு ஏற்ப வளர்த்தன. மண்ணோடு எடையில் 5 சதவீதம் அளவுக்குச் சிமென்ட் சேர்ப்பார்கள். ஒரு கட்டி ஏழெட்டுக் கிலோ இருக்கும். அதில் சிமென்ட் 400 கிராமுக்கும் குறைவு. ஒரு மூட்டைச் சிமென்டில் நூறு கட்டிக்கு மேல் அடிக்கலாம். அடித்த கட்டியைச் சூளைக்கு அனுப்பாமல், நான்கு வாரம் ஈரம் காயாமல் அடுக்கி வைத்தால் போதும். கறையானின் உமிழ்நீருக்குப் பதில் சிமென்ட், அதன் தாடைக்குப் பதில் இரும்புப் பொறி.

எந்த மண்ணும் ஆகுமா? ஆகாது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. கரிசல் மண்ணில் உள்ள களி, தண்ணீர் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் கரிசல் காட்டு வெடிப்புக்குள் ஒரு முழக்குச்சியை விட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதில் கட்டி அடித்தால் சுவரும் அதே வேலையைச் செய்யும். கரிசலுக்குச் சிமென்டைவிடச் சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும். மணல் கலந்த செம்மண்தான் சிமென்டுக்கு ஏற்றது. நூறு பங்கில் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்பது ஆரோவில்லில் சொல்லும் நல்ல கலவை. குளத்தில் தூர்வாரும் மண்ணில் களியும் வண்டலும் அதிகம். அதோடு கல்குவாரியில் கிடைக்கும் கிரஷர் தூளைச் சேர்த்து இந்த விகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டு வரலாம்.

கரிசல் மண்ணின் மேல் வீடு கட்டுவதிலும் இதே தொல்லை இருக்கிறது. நிலம் ஆண்டுதோறும் உப்பிச் சுருங்கும்போது மேலே இருக்கும் அடித்தளமும் சேர்ந்து ஆடும். சுவர் மூலையில் சாய்வாக விரிசல் விடும். அடித்தளத்துக்குத் தோண்டிய குழியில் கரிசலை அகற்றி மணல் நிரப்புவது பழைய வழி. செம்மண் தெருவுக்கும் கரிசல் தெருவுக்கும் ஒரே வரைபடம் கொடுப்பது அறிவியலுக்குப் பொருந்தாது.

இனி கூரைக்கு வருவோம். ஒரு புதிர்: உச்சி வெயில் 12 மணிக்கு, ஆனால் கான்கிரீட் வீட்டில் வெக்கை அதிகமாகத் தெரிவது எப்போது? இரவு சாப்பிட்டுப் படுக்கும்போது! காரணம், 10 செ.மீ. கான்கிரீட் தளத்தைக் கடந்து வெப்பம் கீழே வரச் சுமார் மூன்று மணி நேரம் ஆகிறது. பிற்பகல் முழுதும் தளம் குடித்த வெயிலை, அந்தியிலிருந்து நள்ளிரவு வரை நம் மேல் கக்குகிறது. ஓலைக் கூரைக்கு அவ்வாறு வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் எடை இல்லை. குடிசையிலிருந்து மாடி மாதிரித் தளம் போட்ட வீட்டுக்கு வந்த தாத்தா, 'காற்றாட வெளியே படுக்கிறேன்' என்று கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவது வீம்பினால் அல்ல, பௌதிகத்தினால்.

இங்கும் ஒரு தந்திரம் உண்டு. ஓர் அழிரப்பரின் பக்கத்தில் பேனாவால் நெடுக்காகச் சில கோடுகள் போட்டு, இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள். மேலே உள்ள கோடுகள் நெருங்கும். கீழே உள்ளவை விலகும். கூரைத் தளமும் இப்படித்தான் பாரம் தாங்குகிறது. மேல்பாதி நசுங்கப் பார்க்கிறது. அதைக் கான்கிரீட் தாங்கும். கீழ்பாதி இழுபடுகிறது, அதைக் கம்பிதான் தாங்கும். கான்கிரீட்டுக்கு இழுவிசை என்றால் ஆகாது. அப்படியானால் கீழ்பாதியில் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் கான்கிரீட் என்ன செய்கிறது? பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு பழைய மங்களூர் ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நிரப்பிவிடலாம் என்றார் பேக்கர்.

நம் 300 சதுர அடிக் கூரையை 4 அங்குலக் கனத்தில் போட்டால் 100 கன அடி கான்கிரீட். எடை ஏழு டன். சிமென்ட் மட்டும் சுமார் 20 மூட்டை. ஓடு வைத்து ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் நான்கு மூட்டை மிச்சம். ஓடுகளுக்கு இடையில் அடைபட்ட காற்று வெக்கையையும் தடுக்கும். ஆனால் இதைப் பொறியாளர் கணக்குப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். கம்பி எங்கே, ஓடு எங்கே என்பது கண்மதிப்பு வேலை அல்ல. தளத்தின் மேல் தட்டோடு பதிப்பதும், வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். சன்னலைப் பொறுத்தவரை இவ்வூருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. பிற்பகல் வெயிலும் மேற்கிலிருந்தே அடிக்கிறது. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர் காற்றை விட்டு வெயிலை வடிகட்டும்.

'இவ்வளவு தெரிந்திருந்தும் ஏன் எல்லா ஊரிலும் செய்யவில்லை?' என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒரு வீட்டுக்காரர் தனியாக மண்ணைச் சோதிக்க முடியாது. பொறி வாங்க முடியாது. தெரியாத வேலையைக் கொத்தனாரிடம் செய்யச் சொல்லவும் முடியாது. நூறு வீட்டுக்குச் சேர்த்து ஒருவர் செய்தால் முடியும். அந்த ஒருவர் உள்ளாட்சி மன்றம்தான். இது கற்பனை அல்ல. சென்னைக்குப் பக்கத்தில், திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கம் ஊராட்சி செய்து காட்டியிருக்கிறது.

அங்கே 1996-இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இளங்கோ. வேதிப் பொறியியல் படித்தவர். அரசின் சமத்துவபுரம் திட்டம் அவ்வூருக்கு வந்தது. பல சாதியினரும் ஒரே குடியிருப்பில் வாழ வேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கம். பொதுவாக நூறு தனித்தனி வீடுகள் கட்டுவார்கள். குத்தம்பாக்கம் ஐம்பது இரட்டை வீடுகளைக் கட்டியது. ஒவ்வோர் இரட்டையிலும் ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம். நடுவே ஒரே சுவர். உள்ளூர் மண்ணில் அடித்த கட்டிகள், உள்ளூர் ஆள்களின் உழைப்பு.

இந்த நடுச்சுவரை மட்டும் நம் கணக்கில் வைத்துப் பாருங்கள். 20-க்கு 15 அடியில் இரண்டு தனி வீடுகளுக்கு 140 அடிச் சுவர். 20 அடிப் பக்கத்தை ஒட்டிக் கட்டினால் 120 அடி. ஏழில் ஒரு பங்கு மிச்சம்! இத்தனை எளிய சிக்கனத்தை நம் ஊர்கள் பல காலம் செய்யாததற்குக் காரணம் கணிதம் தெரியாமை அல்ல. ஒரே சுவரின் இருபுறமும் யார் யார் குடியிருப்பது என்ற கேள்விதான் குறுக்கே நின்றது.

குத்தம்பாக்கத்தின் கதையில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. கழிவுநீர்க் கால்வாய் கட்டும்போது, கிரானைட் பட்டறைகள் ஒதுக்கிய துண்டுக் கற்களை இளங்கோ பயன்படுத்தினார். செலவு குறைந்தது. ஆனால் அனுமதித்த மதிப்பீட்டின்படி கட்டவில்லை என்று புகார் எழுந்து, அவர் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். ஊர் மக்கள் அவர் பக்கம் நின்றார்கள்; பிறகு பதவி திரும்பக் கிடைத்தது.

இதிலிருந்து அதிகாரிகளைத் திட்டிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பொதுப் பணத்தைச் செலவிடும்போது எழுதிய மதிப்பீடும் தணிக்கையும் வேண்டும். இல்லாவிட்டால் மலிவுப் பொருள் போட்டுவிட்டு முழு விலை எழுதுபவர்கள் பெருகுவார்கள். ஆகவே, சரியான வழி மதிப்பீட்டுக்குள்ளேயே மண் கட்டியையும் ஓடு நிரப்பிய தளத்தையும் எழுதி வைப்பது. இதற்கு ஆதாரமும் இருக்கிறது. மண் கட்டிகளுக்கென்று 1725 என்ற எண்ணுள்ள இந்தியத் தர விதி உண்டு. 1982-இலும் 2013-இலும் அது திருத்தி வெளியிடப்பட்டது. நகராட்சிப் பொறியாளர் அதைக் காட்டித் தயங்காமல் கையெழுத்திடலாம்.

1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிசைப் பகுதி மேம்பாடும் அதில் ஒன்று. பட்டியலில் இருப்பது வேறு, பெட்டியில் பணம் இருப்பது வேறு. பணத்தையும் நகரமே திரட்டிய ஊர் ஒன்று ஐரோப்பாவில் உண்டு. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், 1923-இல் நகர மன்றம் வீட்டு வசதிக்கென்றே ஒரு வரி போட்டது. பெரிய மாளிகைக்குப் பெரிய வரி, சிறு குடியிருப்புக்குச் சிறு வரி. 1934-க்குள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளைக் கட்டி, தொழிலாளர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டது. அவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். நம் நகராட்சியின் சொத்து வரியால் அந்த அளவு முடியாது. ஆனால் மாநில, மத்திய அரசுகள் கொடுக்கும் தொகை வீட்டுக்காரருக்குக் கடனில் முடியாமல் பார்த்துக்கொள்ள நகராட்சியால் முடியும்.

சங்கரன்கோவிலில் அது எங்கே தொடங்கலாம்? முதலில் மனை. பட்டா இல்லாத குடும்பம் உதவித் தொகைக்கு மனுவே போட முடியாது; ஆகவே, புறம்போக்கில் நீண்ட காலம் குடியிருப்பவர்களின் பட்டியலை எடுத்து வருவாய்த் துறையிடம் கொண்டு சேர்ப்பது செங்கல்லுக்கும் முந்திய வேலை. அடுத்து, ஒரு கட்டிக் களம். இரண்டு கைப்பொறி, ஒரு கொட்டகை, பயிற்சி பெற்ற எட்டுப் பத்துப் பேர். கேரளத்தில் 1980-களில் கொல்லத்தில் தொடங்கி மாவட்டந்தோறும் பரவிய நிர்மிதி மையங்கள் இப்படித்தான் கொத்தனார்களைப் பழக்கின.

அப்புறம், தறி. நெசவாளருக்கு வீடுதான் தொழிற்கூடம். ஒரு குழித்தறி அறையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அதற்கு வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும். பாவு நீட்டத் தெருவில் இடம் வேண்டும். சென்னையில் வரைந்த 300 சதுர அடி வரைபடத்தில் தறி இல்லை. வார்டுக் கூட்டத்தில் நெசவாளர் ஒருவர் எழுந்து 'தறி எங்கே போடுவது?' என்று கேட்டால், அதுவே அந்த வரைபடத்துக்கு நல்ல திருத்தம்.

ஓர் எதிர்ப்பும் வரும். 'பணக்காரனுக்குக் கான்கிரீட், ஏழைக்கு மண்ணா?' இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மண்சுவர் இடிந்து செத்தவர்கள் ஏழைகள்தாம். அழுத்திய கட்டிக்கும் பழைய மண்சுவருக்கும் உள்ள வேற்றுமையை நோட்டீஸ் அச்சடித்து விளக்க முடியாது. நகராட்சி தன் வார்டு அலுவலகத்தையும் ஓர் அங்கன்வாடியையும் முதலில் அந்தக் கட்டியால் கட்டட்டும். இரண்டு மழைக்காலம் போகட்டும். ஊரார் சுவரைத் தட்டிப் பார்த்து, மே மாத இரவில் உள்ளே உட்கார்ந்து பார்த்து, பிறகு தங்கள் வீட்டுக்கு முடிவு செய்யட்டும்.

நீங்கள் செய்து பார்க்க:

நேரான பக்கங்கள் உள்ள ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் மண்ணை, மேல்பகுதியில் வேர், சருகு கலந்ததை ஒதுக்கிவிட்டு ஒரு முழ ஆழத்திலிருந்து எடுத்து, புட்டியில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, தண்ணீர் நிரப்பி, மூடி நன்றாகக் குலுக்குங்கள். மேசைமேல் அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல். அந்த மட்டத்தில் புட்டியின் வெளிப்புறம் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரத்தில் அதன்மேல் வண்டல் படியும், இன்னொரு கோடு. களி தங்க மறுநாள் ஆகும். தெளிந்த பிறகு மூன்று அடுக்குகளின் உயரத்தையும் அளவுகோலால் அளந்து சதவீதம் காணுங்கள். தண்ணீரில் களி சற்று உப்பியிருக்கும். ஆதலால் உண்மையில் அது கொஞ்சம் குறைவு என்று கொள்ளுங்கள்.

செம்மண்ணுக்கு ஒரு புட்டி, கரிசலுக்கு ஒரு புட்டி, குளத்து மண்ணுக்கு ஒரு புட்டி. ஒவ்வொன்றிலும் மண் எடுத்த தெருவின் பெயரை எழுதி ஒட்டி, வகுப்பறைச் சன்னலில் வரிசையாக வைத்துவிடுங்கள்.